விளக்கேற்றியவர் பலர், நெய் வார்ப்பவர் யார்?

*இலவசமாய்த் திறந்து கிடக்கும் இணையத் தமிழ்க் களஞ்சியங்களை மாதந்தோறும் நடத்த ஆகும் செலவும், அவற்றை இரவும் பகலும் நெருக்கும் இயந்திர வாசகர்களும்: ஆனேக்கல் எல்லையிலிருந்து ஒரு பார்வை*

தீபாவளிக்கு முந்தின நாள் அந்திப்பொழுதில் அத்திப்பள்ளிச் சுங்கச்சாவடியின் அருகே ஒரு நாழிகை நின்றவருக்கு, ஒரு சாலையின் தாங்குசக்தி எதுவென்று வேறொருவர் விளக்க வேண்டுவதில்லை. சில்க் போர்டிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டி வரை ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தூண்களின் மேலேயே ஓடிவந்து இறங்கும் கார்களும், பொம்மசந்திரா, ஜிகணித் தொழிற்பேட்டைகளில் ஷிப்டு முடித்த கையோடு ஊருக்குக் கிளம்பிவிட்ட தொழிலாளரின் இருசக்கர வண்டிகளும், ஆனேக்கல் ஊரிலிருந்து வந்து சந்தாபுரத்தில் கலக்கும் பேருந்துகளும், எல்லைக்கு இப்புறமுள்ள பட்டாசுக் கடைகளை நாடி ஓசூரிலிருந்து எதிரே வருவோரும் ஒருங்கே திரண்டு, நேற்று வரை போதுமாயிருந்த அதே சாலையை இன்று போதாததாக்கிவிடுகிறார்கள். கிருஷ்ணகிரிக்கும் தர்மபுரிக்கும் சேலத்துக்கும் போகும் பேருந்துகளில் சிக்கியவர்கள் செய்வதற்கு ஒன்றுமின்றிக் கைப்பேசியைத் திறக்கிறார்கள். அவர்களில் ஒருவர் பழைய தமிழ்ப் புத்தகம் ஒன்றைத் தேட, பக்கம் திறவாமல் வெள்ளைத் திரையில் சிறு வட்டம் சுழன்றுகொண்டே இருக்கிறது.

அது கைப்பேசிக் கோபுரத்தின் குற்றமாகவும் இருக்கலாம். ஆயினும் அண்மைக் காலத்தில் இத்தகைய வட்டங்கள் பல சுழல்வதற்குக் காரணம், எங்கோ தொலைவிலுள்ள சர்வரின் வாசலிலும் அத்திப்பள்ளியில் காண்பது போன்ற நெரிசல் மூண்டிருப்பதே ஆகும். வேற்றுமை ஒன்றுண்டு. சாலையில் திணறும் ஒவ்வொரு வண்டிக்குள்ளும் வீட்டுக்குப் போக வேண்டிய மனிதர் ஒருவராவது இருக்கிறார். சர்வர் வாசலில் நெருக்குபவற்றுள் பெரும்பகுதியோ ஆளில்லா வண்டிகள், சுங்கமும் செலுத்தாதவை. அப்படியானால் அந்தச் சாலையைச் செப்பனிடும் செலவு யாருடையது? சர்வர், கிளவுட், பேக்கப் முதலிய சொற்கள் தேநீர்க் கடையிலும் புழங்குகிற, பெங்களூரை அடுத்த இந்த ஆனேக்கல் வட்டத்தில், உலகத்துக் கம்பெனிகளின் கணினிகளை இரவு விழித்துக் காக்கும் தமிழர் பலர் குடியிருக்கும் இடத்தில், இக்கேள்வியை எழுப்புவது பொருத்தமே.

கடை தேடாமல் கிடைத்த செல்வம்

பின்னணியைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். கணினியில் தமிழ் எழுத்தே ஒழுங்காய்த் தெரியாத 1998-ஆம் ஆண்டின் பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த விஞ்ஞானி முனைவர் கு. கல்யாணசுந்தரம் முதலான அன்பர்கள் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார்கள். சங்க நூல்களையும் காப்பியங்களையும் தன்னார்வலர்கள் வீட்டிலிருந்து தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து, உலகத்துக்கு இனாமாய் வழங்கினார்கள். 2003-இல் தமிழ் விக்கிப்பீடியாவும், 2005-இல் ஈழத்து எழுத்துச் செல்வத்தைக் காக்கும் நூலகம் திட்டமும் பிறந்தன. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் தீக்கிரையானதைக் கண்ட சமூகம், எரிக்க முடியாத நூலகம் ஒன்றை எழுப்ப விரும்பியது இயல்பேயன்றோ? பின்னர்த் தமிழ் இணையக் கல்விக்கழகம் தன் மின்னூலகத்தைத் திறந்ததுடன், நாட்டுடைமையான நூல்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவற்றை விக்கிமூலம் என்னும் திறந்த நூல் தளத்துக்கும் உதவியது.

இவற்றால் விளைந்த நன்மையை அறிய, பொம்மசந்திராவிலோ ஹெப்பகோடியிலோ வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தை எண்ணிப் பார்த்தாலே போதும். பிள்ளைகள் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் பயில, தமிழ் வீட்டுப் பேச்சோடு நின்றுவிடக்கூடிய நிலையில், உ.வே.சாமிநாதையரையும் பாரதியையும் புதுமைப்பித்தனையும் அவர்களின் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருப்பவை இக்களஞ்சியங்களே. சந்தாவில்லை, விளம்பரமில்லை, நூலக அட்டையுமில்லை. இல்லாதவற்றின் இப்பட்டியலிலேயே ஆபத்தும் அடங்கியிருக்கிறது. ஏனெனில் பணம் வரும் வழிகளெல்லாம் அப்பட்டியலில்தான் இருந்தன.

பெட்டிச் செய்தி: நாள்வரிசை

- 1994: இணையத்தை உலாவும் இயந்திரங்கள் எங்கெங்கு நுழையலாகாது என்று அறிவிக்கும் ‘ரோபோட்ஸ்’ கோப்பு முறையை மார்ட்டைன் கோஸ்டர் முன்மொழிந்தார்.
- 1996: புரூஸ்டர் கேல் இணையச் சேமிப்பகமான இன்டர்நெட் ஆர்க்கைவை நிறுவினார்.
- 1998: மதுரைத் திட்டம் தோன்றியது.
- 2001: விக்கிப்பீடியா ஆங்கிலத்தில் பிறந்தது, 2003-இல் தமிழிலும் வந்தது.
- 2005: நூலகம் திட்டம் இலங்கையில் தொடங்கியது.
- 2009: ஆரம்ப காலத் தனிநபர் பக்கங்களுக்கு இடமளித்த ஜியோசிட்டீஸை யாஹூ மூடியது.
- 2016: விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியாவின் சாசுவத நிதி தொடங்கப்பெற்றது, 2021-இல் 10 கோடி டாலர் இலக்கை எட்டியது.
- 2024, அக்டோபர்: இணையத் தாக்குதலுக்கு உள்ளான இன்டர்நெட் ஆர்க்கைவ் பல நாட்கள் முடங்கியது, 3 கோடியே 10 இலட்சம் பயனர் கணக்குகளின் விவரங்கள் களவு போயின.

பில் எங்கே ஏறுகிறது?

ஒரு நூலை இணையத்தில் ஏற்றிவிட்டால் அத்துடன் செலவு தீர்ந்தது என்னும் எண்ணம் பலருக்கும் உண்டு. உண்மையில் ஏற்றுவதற்கு ஆகும் செலவு சொற்பம். வைத்திருப்பதற்கு ஆவது அதனினும் சற்று மிகுதி. எடுத்து எடுத்துக் கொடுப்பதற்கு ஆவதே பெருஞ்செலவு. பெரிய கிளவுட் ஸ்தாபனங்கள் தம்மிடம் உள்ளே வரும் டேட்டாவுக்கு வழக்கமாய்க் கட்டணம் கேட்பதில்லை. வெளியே போகும் ஒவ்வொரு ஜி.பி.க்கும், பட்டியல் விலையில், ஏறத்தாழ 9 முதல் 11 அமெரிக்க சென்ட் வரை கேட்கின்றன.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஸ்கேன் செய்த பழம் புத்தகம் ஒன்று 50 எம்.பி. என்று வைத்துக்கொண்டால், நூறு வாசகர்கள் அதை இறக்கிக்கொள்ள 5 ஜி.பி. வெளியேறும், செலவு அரை டாலர். அதே களஞ்சியத்தில் அத்தகைய நூல்கள் பதினாயிரம் இருக்க, ஒரே ஓர் இயந்திரம் வந்து முதல் நூலிலிருந்து கடைசி நூல் வரை அள்ளிக்கொண்டு போகுமாயின் 500 ஜி.பி.; செலவு 50 டாலர். பத்து இயந்திரங்கள் மாதம் ஒருமுறை அவ்வாறு வந்துபோனால் 500 டாலர். அதாவது, நம் ரூபாயில் நாற்பதினாயிரத்துக்கு மேல். வாசகர் ஒருவரும் கூடாமலே, ஒரு பள்ளி ஆசிரியரின் சம்பளத்துக்கு ஒப்பான தொகை கரைந்துவிடுகிறது.

இவ்விடத்தில் பழைய மதுரைத் திட்டத்தாரின் விவேகம் புலப்படும். அவர்கள் படங்களை அடுக்காமல் எழுத்துகளையே சேர்த்தார்கள். யூனிகோடின் யு.டி.எஃப்-8 முறையில் ‘க’ என்னும் எழுத்துக்கு 3 பைட்டும், அதன்மேல் ஓர் உயிர்க்குறி ஏறி ‘கி’ என்றானால் 6 பைட்டும் பிடிக்கும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டே போதுமென்பதை நோக்கத் தமிழ் கனமானதே. அவ்வளவு கனமிருந்தும் 1,330 குறட்பாக்களும் சேர்ந்து சில நூறு கிலோபைட்டைத் தாண்டா. நன்றாய் ஸ்கேன் செய்த ஓரிரு பக்கங்களின் படமே அந்த அளவைத் தொட்டுவிடும். தட்டச்சு செய்த கைகளின் உழைப்பு ஒரு தடவை செலவழிந்தது. அதனால் மிச்சமான சுமையோ வாசகர் வரும்போதெல்லாம் மிச்சமாகிறது.

எனினும் ஸ்கேன் பிரதிகளை வேண்டாமென்று தள்ளிவிடவும் இயலாது. 1920-களின் பத்திரிகை ஒன்றின் விளம்பரத்தையும் எழுத்துருவையும் ஓரக் குறிப்பையும் காண விரும்பும் ஆராய்ச்சியாளனுக்குப் படமே சாசனம். ஆகவே எது எழுத்தாகவும் எது படமாகவும் இருக்க வேண்டும் என்பதும், படம் எந்தத் தெளிவில் வாசகருக்கும் எந்தத் தெளிவில் பெட்டகத்துக்கும் என்பதும், ரசனையைச் சார்ந்த விஷயங்கள் போலத் தோன்றினும், மாதக் கடைசியில் பில்லாக வந்து நிற்கும் தீர்மானங்களே.

பழம்பக்கம் கேட்கும் இயந்திரம்

2024 டிசம்பர் இறுதியில் அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் காலமானபோது, ஆங்கில விக்கிப்பீடியாவில் அவரைப் பற்றிய கட்டுரையை ஒரே நாளில் 28 இலட்சம் தடவை ஜனங்கள் பார்த்தார்கள். அக்கூட்டம் சமாளிக்கக் கூடியதே. ஆனால் 1980-இல் ரீகனுடன் அவர் நடத்திய விவாதத்தின் ஒன்றரை மணி நேர வீடியோவையும் பலர் திறக்கவே, வழக்கமான நெட்வொர்க் போக்குவரத்து இரட்டிப்பாகி, வாசகர் சிலருக்கு ஒரு மணி நேரம் போலப் பக்கங்கள் மெதுவாய்த் திறந்தன. ஒரு பெரியவர் மறைந்த நாளில் உலகம் திரள்வது புதிதன்று. அதற்கெல்லாம் விக்கிமீடியா முன்பே ஆயத்தமாயிருந்தது. காரணம் தேடிய பொறியாளர்கள் கண்டது வேறு: அந்நாளுக்கு முன்னமே, சாதாரண நாட்களில் காலியாயிருக்க வேண்டிய இடத்தின் பெரும்பகுதியை இயந்திரங்கள் நிரப்பிவிட்டிருந்தன. செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சியளிக்க வேண்டிப் படங்களையும் வீடியோக்களையும் வாரிச் செல்லும் பாட்டுகளால் (‘பாட்’ எனப்படும் தானியங்கி நிரல்களால்), 2024 ஜனவரி முதற்கொண்டு அவ்வகைக் கோப்புகளுக்கான பேண்ட்வித் 50 சதவீதம் உயர்ந்துவிட்டதாக 2025 ஏப்ரலில் விக்கிமீடியா வெளியிட்ட குறிப்பு கூறுகிறது.

அதே குறிப்பில் நாம் ஊன்றிப் பார்க்க வேண்டிய செய்தி மற்றொன்று. பார்க்கப்படும் பக்கங்களில் பாட்டுகளின் பங்கு 35 சதவீதமே. ஆனால் மிகுதியாய்ச் செலவு வைக்கும் போக்குவரத்தில் அவற்றின் பங்கு 65 சதவீதம். ஏன் இந்த வித்தியாசம்? மனிதர்கள் ஒரே காலத்தில் ஒரே பக்கத்தை நாடும் சுபாவமுடையவர்கள். தேர்தல் வந்தால் தேர்தல், கிரிக்கெட் வந்தால் கிரிக்கெட். அப்படி அடிக்கடி கேட்கப்படும் பக்கங்களின் பிரதியை வாசகருக்கு அண்மையிலுள்ள கேச் சர்வரிலேயே வைத்துக்கொள்வார்கள். ஆசிய வாசகர்களுக்கென விக்கிமீடியா சிங்கப்பூரில் அத்தகைய நிலையம் வைத்திருக்கிறது. இயந்திரத்துக்கோ இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்ற பேதமில்லை. எவரும் திறவாத பக்கத்தையும் அது கேட்கும். கேச்சில் இல்லாத அதனை எடுக்க மூல டேட்டா சென்டர் வரை ஓட வேண்டும். அந்த ஓட்டத்துக்கே அதிகச் செலவு.

இதைத் தமிழுக்குப் பொருத்திப் பார்த்தால் கவலை பெருகுகிறது. நம் களஞ்சியங்களின் சரக்கு ஏறத்தாழ முழுவதும், எப்போதோ ஒருவர் தேடிவரும் பக்கங்களால் ஆனது. 1930-களின் சிற்றூர்ப் பத்திரிகையின் மூன்றாம் இதழை ஆண்டுக்கு இருவர் திறக்கலாம். அந்த இருவருக்காகவே அது அங்கிருக்கிறது. அபூர்வமானதைக் காப்பதே இவற்றின் தர்மமாயிருக்க, அபூர்வமானதைக் கேட்கும்போதே செலவு மிகுவதால், பெரிய தளங்களுக்கு ஓரளவு கைகொடுக்கும் கேச் உபாயம் இவற்றுக்குக் கைகொடுப்பதில்லை.

பெட்டிச் செய்தி: எண்கள் பேசுகின்றன

- 73 டி.பி.: மென்பொருள் ஆவணங்களை இலவசமாய் வழங்கும் ரீட் த டாக்ஸ் தளத்திலிருந்து 2024 மே மாதத்தில் ஒரே பாட் இறக்கிச் சென்ற அளவு. பேண்ட்வித் செலவு 5,000 டாலருக்கு மேல்.
- 75 சதவீதம்: அத்தகைய பாட்டுகளைத் தடுத்தபின் அத்தளத்தின் போக்குவரத்தில் ஏற்பட்ட வீழ்ச்சி, நாளொன்றுக்கு 800 ஜி.பி. என்பது 200 ஜி.பி. ஆயிற்று.
- 97 சதவீதம்: ஜினோம் மென்பொருள் திட்டம் 2025 மார்ச்சில் காவல் வைத்த இரண்டரை மணி நேரத்தில் வந்த ஏறத்தாழ 81,000 கோரிக்கைகளில், சோதனையைத் தாண்டாமல் நின்றவற்றின் பங்கு.
- 8 சதவீதம்: விக்கிப்பீடியாவுக்கு வந்த மனித வாசகரின் பக்கப் பார்வை முந்தைய ஆண்டைவிடக் குறைந்ததாக 2025 அக்டோபரில் விக்கிமீடியா தெரிவித்த அளவு, ஏறத்தாழ.

கதவை அடைத்தால் வெளியே நிற்பவர் யார்?

காவல் போடலாமே என்று கேட்கலாம். முதற்காவல் 1994-இல் பிறந்த ரோபோட்ஸ் கோப்பு. அது ஒரு வேண்டுகோள். மதிப்பவரை மட்டுமே கட்டுப்படுத்தும். மதியாதவை தங்கள் பெயரை மாற்றிக்கொண்டும், ஆயிரக்கணக்கான ஐ.பி. முகவரிகளிலிருந்து பிரிந்து வந்தும், மனித வாசகரின் பிரவுசரைப் போல வேஷமிட்டும் நுழைகின்றன.

இரண்டாம் காவல் 2025 ஜனவரியில் தோன்றிய அனுபிஸ் என்னும் மென்பொருள். தனது சர்வரைப் பாட்டுகள் நெருக்கியதால் மனம் நொந்த மென்பொருளாளர் ஒருவர் எழுதியது. வாசலில் வருவோரிடம் சிறு கணிதப் புதிர் ஒன்றைக் கொடுத்து, அவர்களது கணினியே அதைத் தீர்த்தபின் உள்ளே விடும். ஒரு பக்கம் படிக்க வரும் மனிதருக்கு அது சில விநாடித் தாமதம். கோடிப் பக்கம் கேட்கும் இயந்திரத்துக்கோ கோடிப் புதிர். யோசனை சாதுரியமானதே. ஆனால் புதிரைத் தீர்ப்பது வாசகரின் கருவியாதலால், புதிய போன் வைத்திருக்கும் எலெக்ட்ரானிக் சிட்டிப் பொறியாளரைவிட, அதே கட்டடத்தில் காவல் வேலை பார்த்தபடி பழைய போனில் தமிழ் படிக்கும் ஊழியரே அதிக நேரம் வாசலில் நிற்பார். ஜாவாஸ்கிரிப்ட் இல்லாத எளிய பிரவுசராலோ அப்புதிரைத் தீர்க்கவே இயலாது.

மூன்றாம் வழி, நுழைவுக்குக் கணக்கும் கடவுச்சொல்லும் கேட்பது. செலவு உடனே தாழும். தாழ்வதோடு, தேடுபொறியின் கண்ணுக்கும் அந்நூல்கள் மறையும். கொழும்பிலோ கோலாலம்பூரிலோ ஒரு மாணவி தன் பாட்டனாரின் பெயரைத் தேடும்போது, அவர் 1950-களில் எழுதிய கட்டுரை அவள் முன் வந்து நிற்கும் அற்புதம் அத்துடன் முடிந்துவிடும். திறந்திருத்தலே பயனாயுள்ள ஸ்தாபனத்துக்கு அடைத்தல் மருந்தாகாது. நோயின் வேகத்தைக் குறைக்கும் பத்தியமாய் வேண்டுமானால் அதைக் கொள்ளலாம். நடைமுறையில் தொழில்நுட்பம் அறிந்தோர் சொல்லும் மார்க்கம் நடுவிலுள்ளது: பாட்டுகளுக்கு வேக வரம்பு, பெரும் படக் கோப்புகளுக்கு மட்டும் காவல், முழுத் தொகுதியையும் வேண்டுவோர்க்குத் தனியே கட்டிவைத்த ஒற்றைக் கோப்பு. விக்கிப்பீடியா அத்தகைய மொத்தப் பிரதியை நெடுங்காலமாய் வெளியிட்டு வருவதோடு, பெருங்கம்பெனிகளுக்கென 2021-இல் கட்டணச் சேவை ஒன்றையும் தொடங்கியது. கொள்வோர் பெருநிறுவனமாயிருக்கையில் கொடுப்போர் விலை கேட்பதில் தவறொன்றுமில்லை.

கொடுக்கும் கை நீண்டாலும்

பாட்டுகள் செலவைக் கூட்டுவதோடு நில்லாமல் வரவையும் குறைக்கின்றன என்பதை மேற்சொன்ன 8 சதவீதம் காட்டுகிறது. களஞ்சியத்தில் எழுதிவைத்த செய்தியை இயந்திரம் கற்றுக்கொண்டு தானே விடை சொல்லிவிடுவதால், வாசகர் மூலத்துக்கு வருவதில்லை. வராதவர் பிழை திருத்துவதில்லை. நன்கொடைப் பட்டியையும் காண்பதில்லை. விக்கிமீடியாவைத் தாங்குவது 80 இலட்சம் பேர்வரை தரும், சராசரியாய் ஏறத்தாழ 11 டாலரான சிறுதொகைகளே. சிறு துளிகளால் நிரம்பும் குளத்துக்கு மேகம் திசைமாறிப் போவது பெரிய விஷயம்.

இந்தியாவில் பதிவான தமிழ் அறக்கட்டளைக்கோ வேறு முடிச்சுகளும் உண்டு. தமிழருள் கொடுக்கும் வசதியும் மனமும் உடையோர் பலர் வெளிநாட்டுக் குடிமக்களாயிருக்க, அவர்கள் தரும் பணம், வெளிநாட்டு நன்கொடையைக் கட்டுப்படுத்தும் எப்.சி.ஆர்.ஏ. சட்டத்தின் கீழ் வருகிறது. உள்நாட்டில் எலெக்ட்ரானிக் சிட்டி முதல் ஜிகணி வரை பரவியுள்ள கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி உண்டல்லவா என்றால், அதிலும் ஒரு வரம்பு. பல ஆண்டுத் திட்டமாயினும், தொடங்கிய நிதியாண்டு நீங்கலாக மூன்றாண்டுக்கு மேல் நீளலாகாது என்பது விதி. கம்பெனிச் சட்டத்தின் அட்டவணையில் பொது நூலகங்களை அமைப்பதற்கு இடமுண்டு; அமைத்த நூலகம் அக்கெடு முடிந்தபின் மின்கட்டணமும் சர்வர் வாடகையும் செலுத்துவதெப்படி என்பதற்கு விடையில்லை. ஸ்கேனர் வாங்கித் தரவும் திறப்பு விழா நடத்தவும் முன்வருவோர் உண்டு. நாற்பத்திரண்டாம் மாதத்து ஹோஸ்டிங் பில்லின்மீது தன் பெயரைப் பொறிக்க விரும்பும் கம்பெனி எங்கே?

நம்பிக்கைக்கும் இடமில்லாமல் இல்லை. பெங்களூரைச் சேர்ந்த பங்குத்தரகு நிறுவனமான ஜெரோதா 2024 அக்டோபரில், கட்டற்ற மென்பொருள் திட்டங்களுக்கென்று ஆண்டுக்கு 10 இலட்சம் டாலர் வழங்கும் நிதி ஒன்றை அறிவித்தது. தாம் பயன்படுத்தி லாபமடைந்த பொதுச் சொத்துக்குத் திருப்பிக் கொடுப்பது கடமை என்னும் கருத்து, மென்பொருளிலிருந்து மொழிக் களஞ்சியங்களுக்கும் பரவுமாயின் நன்று.

பெட்டிச் செய்தி: கொடுப்போர் அறிய வேண்டியவை

- இந்தியக் குடியுரிமையை வைத்துக்கொண்டே வெளிநாட்டில் வாழ்பவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி மூலம் தருவது வெளிநாட்டு நன்கொடையாய்க் கருதப்படுவதில்லை. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர் தருவது கருதப்படும். ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்போரும் இதில் அடக்கம்.
- எப்.சி.ஆர்.ஏ. பதிவு கோரும் அமைப்பு, பொதுவாக மூன்றாண்டு இயங்கி, அக்காலத்தில் தன் நோக்கத்துக்கென 15 இலட்சம் ரூபாயாவது செலவிட்டிருக்க வேண்டும்.
- 2020 திருத்தத்தின்படி அப்பணம் புதுடில்லி ஸ்டேட் பேங்க் முதன்மைக் கிளையிலுள்ள கணக்குக்கே முதலில் வர வேண்டும். நிர்வாகச் செலவுக்கு 20 சதவீதத்துக்கு மேல் எடுக்கலாகாது. முன்பு 50 சதவீதம் வரை இடமிருந்தது.

கணக்கில் ஏறாத செலவு

விக்கிமீடியாவின் 2023-24 கணக்கில் மொத்தச் செலவு சுமார் 17.8 கோடி டாலர். அதில் இன்டர்நெட் ஹோஸ்டிங்குக்கு ஆனது சுமார் 31 இலட்சம், இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. சம்பளத்துக்கு ஆனது பத்துக் கோடிக்கு மேல். இதைக் காட்டி அந்த ஸ்தாபனத்தைக் குறைகூறுவோரும் உண்டு. ஆயினும் அது உணர்த்தும் உண்மையை மறுக்க முடியாது: இயந்திரத்தின் வாடகையைவிட, இயந்திரத்தைக் காக்கும் மனிதரின் நேரமே விலையுயர்ந்தது.

தமிழ்க் களஞ்சியங்களில் அந்நேரத்துக்கு விலை போடுவதில்லை. பகலெல்லாம் ஏதோவொரு கம்பெனியின் சர்வரைக் காத்துவிட்டு வந்தவர், இரவு பதினொரு மணிக்குத் தன் மொழியின் சர்வர் நின்றுவிட்டதென்று செய்தி வர, மனைவி மக்கள் உறங்கியபின் லேப்டாப்பைத் திறந்து லாகுக் கோப்பைப் புரட்டுகிறார். ஹார்ட் டிஸ்க் நிரம்பியதா, பாட்டுகள் மொய்த்தனவா, பேக்கப் நேற்று ஓடியதா, சான்றிதழ் காலாவதியானதா என்று ஒவ்வொன்றாய்ப் பார்த்துச் சீர்செய்து முடிக்கையில் விடிந்துவிடுகிறது. மறுநாள் காலை தளம் வழக்கம்போல் திறப்பதால், இரவில் நடந்தது ஒருவருக்கும் தெரிவதில்லை. நன்றாய்ச் செய்த வேலை கண்ணுக்குத் தெரியாமலே போவதுதான் இத்தொழிலின் விதி.

டொமைன் பெயர் ஒருவர் பெயரில், கட்டணம் அவருடைய கார்டில், கடவுச்சொல் அவர் மனத்தில் என்னும் ஏற்பாடே பல இடங்களில் நிலவுகிறது. வேலை மாறினாலோ, நோயுற்றாலோ, கார்டு காலாவதியானாலோ, இருபது வருஷ உழைப்பும் ஒரு புதுப்பித்தல் தேதியில் தொங்குகிறது. பணமில்லாமல் மூடப்படும் களஞ்சியத்துக்காவது நன்கொடை திரட்டலாம்; சாவி எங்கே என்று தெரியாமல் மூடப்படுவதற்கு என்ன செய்வது?

பெங்களூரே கண்ட பாடம்

இந்திய விஞ்ஞானக் கழகத்தை மையமாய்க் கொண்டு, பேராசிரியர் என். பாலகிருஷ்ணன் முன்னின்று நடத்திய டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் இந்தியா, பல இந்திய மொழிகளில் இலட்சக்கணக்கான நூல்களை ஸ்கேன் செய்தது. தமிழ் நூல்களும் அவற்றுள் இருந்தன. அரசு ஆதரவும், நாட்டின் தலைசிறந்த விஞ்ஞான ஸ்தாபனத்தின் பெயரும் பின்னால் இருந்தும், 2017-ஐ ஒட்டிப் பதிப்புரிமைப் பிரச்சினையால் அத்தளம் பொதுமக்கள் பார்வையிலிருந்து மறைந்தது. அதற்கு முன்னரே, அமெரிக்கரான கார்ல் மாலமுத் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களின் பிரதியை இன்டர்நெட் ஆர்க்கைவில் ஏற்றிவைத்திருந்தார். இன்று நாம் எளிதில் இறக்கிக்கொள்ளும் பழம் புத்தகங்கள் பலவற்றின் முதற்பக்கத்தில் அந்த இந்தியத் திட்டத்தின் முத்திரையைக் காணலாம். அவை பிழைத்தது பிரதியினால்.

பிரதி எடுத்த இடமும் 2024 அக்டோபரில் முடங்கியதை மேலே கண்டோம். அந்நாட்களில் உலகமெங்கும் ஆராய்ச்சியாளர் கைபிசைந்து நின்றார்கள். ஆகவே ஒரு பிரதி போதாது; ஒரு தேசத்தில் இருப்பதும் போதாது. வேறு வேறு கைகளில், வேறு வேறு சட்டங்களின் கீழ், வேறு வேறு வகை டிஸ்க்குகளில் மூன்று நான்கு பிரதிகள் இருப்பின், ஒன்றின் சர்வர் நெரிசலில் திணறும்போது வாசகரை மற்றொன்றுக்குத் திருப்பலாம். ஒன்று மூடப்பட்டால் மற்றொன்று வாரிசாகலாம். சுமையைப் பகிர்வதும் ஆயுளை நீட்டுவதும் ஒரே காரியத்தால் கைகூடுகின்றன.

சாவா மூவாப் பேராடு

பொதுக் காரியத்தின் நடைச் செலவுக்கு வழி தேடுவது தமிழருக்குப் புதிய வித்தையன்று. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில், கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய வேண்டுமென்று விரும்பியவர், விளக்கை மட்டும் கொடுத்துவிட்டுப் போனதில்லை. தொண்ணூற்றாறு ஆடுகளையும் சேர்த்துக் கொடுத்தார். அவற்றை ஏற்றுக்கொண்ட இடையர், நாள்தோறும் உழக்கு நெய் அளக்கக் கடமைப்பட்டார். கிழடு தட்டுவதற்கும் சாவதற்கும் குட்டிகள் ஈடாகையால் மந்தையின் தொகை குறையாது என்னும் ஏற்பாட்டுக்கே சாவா மூவாப் பேராடு என்று பெயர். கொடுத்தவர் யார், பொறுப்பேற்றவர் யார், அளவு எவ்வளவு, எந்த அளவையால் என்பதெல்லாம் எவரும் படிக்கும்படி கல்லில் பொறிக்கப்பட்டன. பெங்களூரைச் சுற்றியுள்ள பழங்கோயில்களிலும் சோழ, ஹொய்சள காலத்துத் தமிழ்ச் சாசனங்கள் பல இருப்பதை எண்ணினால், இம்மண்ணுக்கும் அம்முறை அந்நியமானதன்று.

அந்த ஏற்பாட்டில் இன்றைய களஞ்சியத்தாருக்கு வேண்டிய மூன்றும் உண்டு. முதலாவது, செலவாகும் பணத்தையும் செலவாகாத மூலதனத்தையும் பிரித்து வைத்தல். விக்கிமீடியாவின் சாசுவத நிதி இதைத்தான் பத்துக் கோடி டாலர் அளவில் செய்கிறது, ஒரு தமிழ் அறக்கட்டளை சில இலட்சம் ரூபாய் அளவில் செய்யலாம். இரண்டாவது, பொறுப்பைப் பெயர் சொல்லி ஒப்படைத்தல். டொமைன், கடவுச்சொல், பேக்கப் மூன்றையும் குறைந்தது மூவர் அறிந்திருக்க, ஒருவர் விலகினால் அடுத்தவர் யாரென்று முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். மூன்றாவது, கணக்கைப் பகிரங்கமாய் வைத்தல். இந்த மாதம் சர்வருக்கு இவ்வளவு, பேக்கப்புக்கு இவ்வளவு, மனிதர் இத்தனை பேர் வந்தனர், இயந்திரம் இத்தனை வந்தன என்று முகப்பிலேயே காட்டினால், இலவசமென்று எண்ணியிருந்த வாசகர் அதை நடத்துவதற்கும் ஒரு விலையுண்டு என்பதை உணர்வார். உணர்ந்தவரிடம் கேட்பதற்கு நாணவும் வேண்டாம்.

கேட்கும் முறையும் மாற வேண்டும். ஆயிரம் புதிய நூல்களை ஏற்றப் போகிறோம், உதவுங்கள் என்பது காதுக்கு இனிய வேண்டுகோள். ஏற்கெனவே ஏற்றியவற்றை அடுத்த பத்தாண்டு திறந்துவைக்க மாதம் நூறு ரூபாய் தாருங்கள் என்பது இனிமையற்றதாயினும் நேர்மையானது. புதிய நூல் ஒன்றை ஏற்றும்போதே அதைப் பத்தாண்டு காக்கும் செலவையும் கணக்கிட்டு, அத்தொகை கைக்கு வராமல் ஏற்றுவதில்லை என்று ஒரு களஞ்சியம் தீர்மானிக்குமாயின், அதன் வளர்ச்சி மந்தமாகும், ஆயுள் நீளும். எண்ணிக்கையைக் கொண்டாடிப் பழகிய நமக்கு அந்த மந்தகதியைப் பொறுக்கும் மனம் வருவது சற்றுக் கடினமே.

ஆனேக்கல் வட்டத்து வாசகருக்கு இக்கடமையில் பிரத்தியேகமான பங்கொன்றுண்டு. பணம் தருவோர் உலகெங்கும் கிடைப்பர். நெரிசல் மிகுந்த சர்வரின் லாகைப் பார்த்து, எந்தக் கோரிக்கை மனிதருடையது, எது வேஷம் என்று பிரித்தறியும் திறமையுள்ளோர் இவ்வளவு நெருக்கமாய் வாழும் இடங்கள் நாட்டில் சிலவே. மாதத்தில் ஒரு சனிக்கிழமையை ஏதேனும் ஒரு தமிழ்க் களஞ்சியத்துக்கென ஒதுக்கி, பேக்கப் உண்மையில் திரும்பி வருகிறதா என்று சோதித்துப் பார்க்கும் நால்வர் இங்கு கூடினால் போதும். புதிதாய் நூறு நூல் ஏற்றுவதைவிட அது பெரிய தொண்டாகும். அந்த நால்வரின் பெயரை எந்த விழா மேடையிலும் சொல்ல மாட்டார்கள் என்பதையும் இப்போதே சொல்லிவிடுவது நல்லது.